சும்மா

பீல் நகரில் ஊர்ப்பெயரே இரண்டு.
ஜெர்மன்காரருக்கு பீல், பிரெஞ்சுக்காரருக்கு பியேன்.
மாலையில் ரயிலால் இறங்கும்போது
இரண்டையும் வாசிக்காமல் நடக்கப் பழகியிருக்கிறேன்.

பகல் முழுக்க பெர்னில்
ஜன்னல் திறக்காத ஓர் அறை.
பிறர் சொல்வதை நான் சொல்கிறேன்.
"நான்" என்று சொல்லும்போதும்
அது நானில்லை.
இன்றைக்கு ஒருவர் "விடியப்புறம்" என்றார்.
மூன்று மணியா, ஐந்து மணியா?
"நாய் குரைச்ச நேரம்."
நாய் குரைத்த நேரம் என்று ஜெர்மனில் சொன்னேன்.
தட்டச்சு நின்றது. பிறகு தொடர்ந்தது.

ஸ்டேஷனுக்குப் பின்னால்
ஒடீல் ஷ்வாப்பின் பார்.
உள்ளே இரண்டு பின்பால் மெஷின்கள்.

புதியது வாசலருகே.
காசு போடும் முன்பே கூப்பிடத் தொடங்கிவிடும்.
திரையில் ஒரு கிரகம் எரிகிறது.
தளபதி ஒருவன் ஆங்கிலத்தில் கத்துகிறான்;
என் மண்டை, கூலி கேட்காமலே,
"வீரரே, விரைந்து வாரும்" என்று பெயர்க்கிறது.
வளைவுப் பாதைகள், ஒரு காந்தம், ஒரு பாதாளம்,
ஒரே நேரத்தில் ஆறு பந்து.
ஒரு தட்டுக்கு நாலு கோடி.
நாலு கோடி என்ன என்று கேட்டால்
அதற்கும் ஒரு கதை சொல்லும்.

ரேட்டோ அதில்தான் நிற்பான்.
தபால் பிரிக்கிறவன், நல்ல பையன்.
போன மாதம் கிரகத்தைக் காப்பாற்றிவிட்டு
எங்கள் எல்லோருக்கும் பியர் வாங்கித் தந்தான்.

என்னுடையது கழிப்பறைப் பக்கம், சுவரோடு.
கண்ணாடியில் குளிக்கிற உடுப்போடு நாலு பேர்,
ஒரு வள்ளம், கொஞ்சம் கடல்.
யார் அவர்கள், எங்கிருந்து புறப்பட்டார்கள்,
எந்தத் திகதியில், ஏன்?
ஒருவரும் கேட்பதில்லை.

பலகையில் பாதி வெறும் மரம்.
பந்து அதில் சும்மா உருளும்.
சும்மா!
பதினாறு வருடத் தொழிலில்
நான் ஒருமுறைகூடச் சரியாகச் சொல்லாத சொல்.
"ஏன் அங்கே போனீர்கள்?"
"சும்மா போனனான்."
அதிகாரி என் வாயைப் பார்ப்பார்.
"காரணமின்றி" என்பேன்.
அது அதுவல்ல. எழுதிக்கொள்வார்கள்.

இந்தப் பெட்டிக்குள் மூன்று மணிகள்,
உண்மையான உலோகம், உண்மையான சுத்தியல்.
பத்துக்கு ஒன்று, நூறுக்கு ஒன்று, ஆயிரத்துக்கு ஒன்று.
நூறுக்கு மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது.
எண் சக்கரம் கடகடவென்று புரள்வதில்
கூட்டல் நடப்பது காதுக்கே கேட்கும்.

அதற்குத் தெரிந்த சொல்லும் ஒன்றுதான்.
இடுப்பால் கொஞ்சம் இடிக்கலாம், பொறுக்கும்.
அதிகம் இடித்தால்
"டில்ட்" என்று ஒரு சின்ன விளக்கு;
எல்லாம் நின்றுவிடும்.
நாய் குரைத்த நேரத்தை நாலாம் தடவை கேட்டபோது
அந்த மனிதர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.
அங்கே எந்த விளக்கும் எரியவில்லை.
நான் ஐந்தாம் தடவையும் கேட்டேன்,
அதே தொனியில். அதுதான் என் வேலை.

இரவு எட்டரை இருக்கும், கடைசிப் பந்து.
ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.
நாலே சக்கரம்தான் அதற்கு.
பந்து இடப்பக்க ரப்பரில் மோதி, தயங்கி,
பத்துப் புள்ளிக் குமிழை லேசாகத் தொட்டது.
மூன்று மணியும் ஒன்றாக அடித்தன.
சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து புரண்டன.
பூச்சியம், பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
பந்து நடு இடைவெளியால் இறங்கிப் போயிற்று.
நான் தடுக்கவில்லை.

ரேட்டோ திரும்பினான். "எவ்வளவு?"
பூச்சியத்தைக் காட்டினேன்.
"அப்போ இவ்வளவு நேரம் என்ன செய்தாய்?"

"சும்மா" என்றேன், தமிழில்.

விளங்கியதுபோலத் தலையாட்டினான்.
விளங்கியிருக்காது.
அவனுடைய தளபதி கூப்பிட, அந்தப் பக்கம் திரும்பிவிட்டான்.
ஒடீல் கேளாமலே
என் ஐந்து பிராங்கைச் சில்லறையாக்கி வைத்தாள்.